உணவுக்குழாய்ப் புற்றுநோய்க்கு வைரஸ் காரணமா? காசிமேட்டிலிருந்து வந்த ஒரு கேள்விக்குப் பதில்

கேள்வி இதுதான். காசிமேட்டிலிருந்து ஒரு தம்பி எழுதியிருக்கிறார். அப்பாவுக்கு 57 வயது. சில மாதங்களாகச் சோறு நெஞ்சில் நிற்கிறது என்று சொல்லிக்கொண்டிருந்தவருக்கு எண்டோஸ்கோப்பி செய்ததில் உணவுக்குழாயின் நடுப்பகுதியில் கட்டி. பயாப்சி ரிப்போர்ட்டில் ஸ்குவாமஸ் செல் கார்சினோமா, அதாவது செதிள் செல்களில் வரும் புற்று, என்று வந்திருக்கிறது. அப்பாவுக்கு இளம் வயதிலிருந்தே பீடி, இடையில் மாவா, கூடவே குடியும் உண்டு. உறவினர் ஒருவர் வந்து, "இது எச்.பி.வி.ங்கற வைரஸால வர்றது, எச்சில் பட்டாலே ஒட்டிக்கும்" என்று சொல்லிவிட்டுப் போக, அம்மா அன்றிலிருந்து அப்பாவுக்குத் தனித் தட்டு, தனி டம்ளர் வைத்துவிட்டார். இது உண்மையா, வீட்டில் எல்லோரும் தடுப்பூசி போட்டுக்கொள்ள வேண்டுமா, அப்பாவின் கட்டியில் வைரஸ் இருக்கிறதா என்று டெஸ்ட் செய்யச் சொல்லலாமா? மூன்று கேள்விகள்.

நான் பேத்தாலஜி துறையில் பல வருடங்கள் வேலை பார்த்தவன். இந்தக் கட்டிகளை மைக்ராஸ்கோப்பில் பார்த்து ரிப்போர்ட் எழுதுவதுதான் என் தொழிலாக இருந்தது. அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

தட்டு, டம்ளர் விஷயத்தை முதலில் முடித்துவிடுவோம், ஏனென்றால் அது காத்திருக்கக் கூடாது. இன்றைக்கே அந்தத் தனித் தட்டை எடுத்து வையுங்கள். புற்றுநோய் ஒருவரிடமிருந்து இன்னொருவருக்கு எச்சில் வழியாகவோ, சேர்ந்து சாப்பிடுவதாலோ, தொட்டுப் பார்த்துக்கொள்வதாலோ ஒட்டாது. வைரஸ்தான் காரணம் என்று நூறு சதவீதம் நிரூபணமான கருப்பைவாய்ப் புற்றுநோய் வந்த பெண்ணைக்கூட யாரும் தனியாக உட்கார வைக்க வேண்டியதில்லை. உங்கள் அப்பாவுக்கோ அந்தச் சந்தேகத்துக்கே ஆதாரம் மிகக் குறைவு. இனிமேல் கீமோ தொடங்கினால் அவருடைய வெள்ளணுக்கள் குறையும். அப்போது நமக்கு இருக்கும் சளி, காய்ச்சல் அவருக்குப் போகாமல் நாம்தான் கவனமாக இருக்க வேண்டும். எச்சரிக்கை அந்தத் திசையில்தான் தேவை. சாப்பிடவே கஷ்டப்படுகிற மனிதரைத் தனித் தட்டில் உட்கார வைப்பது அவர் மனசை எவ்வளவு உடைக்கும் என்று அம்மாவிடம் பக்குவமாக எடுத்துச் சொல்லுங்கள். அம்மா மேல் தப்பு இல்லை. பயந்துபோய்ச் செய்தது அது.

இப்போது வைரஸ் கதைக்கு வருவோம். உறவினர் அதை வெறுங்கற்பனையாகச் சொல்லவில்லை. 40 வருடங்களாக விஞ்ஞானிகள் உண்மையிலேயே துரத்திக்கொண்டிருக்கும் கேள்வி இது. அதனால் 'சும்மா புரளி' என்று தள்ளிவிடாமல், அந்தச் சந்தேகம் எங்கே பிறந்தது, ஏன் இன்னும் நிரூபணமாகவில்லை என்று சொல்வதுதான் நியாயம்.

உலகத்தில் வரும் புற்றுநோய்களில் ஏறத்தாழ 13 சதவீதத்துக்குக் கிருமிகள் காரணம். ஹெப்படைட்டிஸ் பி, சி வைரஸ்களால் கல்லீரலில், ஹெலிகோபாக்டர் என்ற பாக்டீரியாவால் இரைப்பையில், எச்.பி.வி.யால் கருப்பைவாயிலும் தொண்டையிலும் ஆசனவாயிலும் வருகிறது. எச்.பி.வி. என்றால் ஹ்யூமன் பாப்பிலோமா வைரஸ், அது ஒரே வைரஸ் இல்லை. அதில் இருநூறுக்கும் மேற்பட்ட வகைகள் உண்டு. பெரும்பாலானவை பெரிய தொந்தரவு தராதவை, சில கைகால்களில் மரு உண்டாக்கிவிட்டுப் போகிறவை. 16, 18 போன்ற சில வகைகள்தான் ஆபத்தானவை. ஜெர்மனியில் ஹரால்ட் சூர் ஹவுசன் குழு 1983ல் 16ஆம் வகையையும், அடுத்த வருடம் 18ஆம் வகையையும் கருப்பைவாய்க் கட்டிகளிலிருந்து பிரித்தெடுத்தது. அதற்காக அவருக்கு 2008ல் நோபல் பரிசு கிடைத்தது.

சூர் ஹவுசன் அந்த வேலையில் இருந்த அதே காலத்தில், 1982ல், பின்லாந்தில் காரி சூர்யானென் என்ற மருத்துவர் உணவுக்குழாய்க் கட்டிகளை மைக்ராஸ்கோப்பில் பார்த்தார். கருப்பைவாயில் எச்.பி.வி. தொற்று இருக்கும்போது செல்கள் எப்படி மாறித் தெரியுமோ, அதே மாதிரியான மாற்றம் சில உணவுக்குழாய்க் கட்டிகளின் ஓரத்திலும் தெரிந்தது. 'இங்கேயும் அந்த வைரஸ்தானோ?' என்று அவர் எழுப்பிய கேள்வியிலிருந்துதான் எல்லாம் தொடங்கியது. கேள்வி நியாயமானது. கருப்பைவாயின் வெளிப்புறம், தொண்டை, உணவுக்குழாய் எல்லாவற்றுக்கும் உள்ளே விரித்திருப்பது ஒரே மாதிரியான பல அடுக்குச் செதிள் செல்கள். ஒரு இடத்தில் குடியேறும் வைரஸ் இன்னொரு இடத்தில் ஏன் குடியேறக் கூடாது?

அந்தச் சந்தேகத்துக்கு வலு சேர்த்தது மாடுகள். இது எனக்கு மிகவும் பிடித்த ஆராய்ச்சி. ஸ்காட்லாந்து மலைப்பகுதிகளில் மேய்ந்த மாடுகளுக்கு உணவுக்குழாயிலும் வாயிலும் இரைப்பையின் முன்பகுதியிலும் நிறையப் புற்றுநோய் வந்தது. கிளாஸ்கோவில் வில்லியம் ஜாரெட் என்ற கால்நடை நோயியல் வல்லுநர் அதை ஆராய்ந்து 1978ல் வெளியிட்டார். மாடுகளுக்கு வரும் பாப்பிலோமா வைரஸ் ஒன்று உணவுக்குழாயில் மரு போன்ற வளர்ச்சிகளை உண்டாக்கியது. அது மட்டும் இருந்த மாடுகளுக்குப் பெரும்பாலும் ஒன்றும் ஆகவில்லை, மரு தானாக மறைந்தது. அந்த மலையில் வளரும் பிராக்கன் என்ற பெரணிச் செடியையும் சேர்த்து மேய்ந்த மாடுகளுக்குத்தான் மரு புற்றாக மாறியது. அந்தச் செடியில் நோய் எதிர்ப்பை அடக்கும் பொருளும், டி.என்.ஏ.வைச் சிதைக்கும் பொருளும் உண்டு. வைரஸும் நஞ்சும் சேர்ந்தால்தான் நோய். இன்னொரு வினோதமும் உண்டு. முற்றிய புற்றுக்கட்டிக்குள் தேடிப் பார்த்தால் அந்த வைரஸின் டி.என்.ஏ. அநேகமாக இல்லை! தொடங்கிவைத்துவிட்டு அது போய்விட்டது.

இதைப் படித்த எவருக்கும் மனிதனைப் பற்றிய கேள்வி உடனே எழும். பீடியும் குடியும் அந்தப் பெரணி மாதிரி வேலை செய்ய, பின்னால் ஒரு வைரஸ் நின்றிருக்கலாம் அல்லவா? சீனாவின் ஹெனான் மாகாணத்து லின்சியன், ஈரானின் கொலஸ்தான், தென்னாப்பிரிக்காவின் டிரான்ஸ்கை என உணவுக்குழாய்ப் புற்றுநோய் அளவுக்கு மீறி வரும் ஊர்களில் எல்லாம் எச்.பி.வி.யைத் தேடினார்கள். சில ஆய்வகங்களில் பாதிக் கட்டிகளில் வைரஸ் கிடைத்தது. சிலவற்றில் ஒன்றில்கூட இல்லை. ஒரே நாட்டில், ஒரே மாவட்டத்தில்கூட ஆளுக்கு ஆள் விடை மாறியது. ஆய்வுகளை எல்லாம் ஒன்றாகக் கூட்டிப் பார்த்தவர்கள், வைரஸ் உள்ளவர்களுக்கு இந்த நோய் சுமார் மூன்று மடங்கு அதிகம் காணப்படுகிறது என்று எழுதினார்கள். செய்தித்தாள்களிலும் வாட்ஸ்அப்பிலும் வருவது இந்த மூன்று மடங்குதான். உங்கள் உறவினர் கேள்விப்பட்டதும் அநேகமாக இதுவாகத்தான் இருக்கும்.

விடைகள் இவ்வளவு மாறுவதற்குக் காரணம் பெரும்பாலும் தேடும் முறை. பி.சி.ஆர். என்ற சோதனை ஒரே ஒரு டி.என்.ஏ. துணுக்கைக் கோடிக்கணக்கில் பெருக்கிக் காட்டும். கொரோனா காலத்தில் எல்லோருக்கும் அந்தப் பெயர் பழகிவிட்டது. அவ்வளவு கூர்மையான சோதனைக்குத் தூசு பட்டாலும் போதும். முந்தைய மேசையில் ஒரு கருப்பைவாய்த் திசுவை வெட்டிய அதே கத்தியால் அடுத்து உணவுக்குழாய்த் திசுவை வெட்டினால் இதிலும் வைரஸ் 'இருக்கும்'. எண்டோஸ்கோப்பி குழாய் வாய், தொண்டை வழியாகத்தான் உள்ளே போகிறது. வாயில் சும்மா ஒட்டிக்கொண்டிருந்த வைரஸ் கட்டியின் துண்டோடு சேர்ந்து வந்துவிடலாம். அதனால் வைரஸ் அங்கே இருந்தது என்பதும், வைரஸ்தான் செய்தது என்பதும் இரண்டு வேறு விஷயங்கள். திருட்டு நடந்த தெருவில் நின்றவர்கள் எல்லோரும் திருடர்கள் ஆகிவிட மாட்டார்கள்.

அப்படியென்றால் குற்றத்தை நிரூபிப்பது எப்படி? இதற்கு மருத்துவத்தில் அருமையான முன்மாதிரிகள் உண்டு. தைவானில் பாம்மர் பீஸ்லி குழு 22,707 ஆண்களை வருடக்கணக்கில் பின்தொடர்ந்தது. ஹெப்படைட்டிஸ் பி வைரஸ் ரத்தத்தில் உள்ளவர்களுக்குக் கல்லீரல் புற்று வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட 200 மடங்குக்கு மேல் என்று 1981ல் காட்டினார்கள். மூன்று மடங்கு எங்கே, 200 மடங்கு எங்கே! பிறகு 1984ல் அங்கே குழந்தைகளுக்குத் தடுப்பூசி தொடங்கியதும், அந்தத் தலைமுறைப் பிள்ளைகளிடம் கல்லீரல் புற்று கண்கூடாகக் குறைந்தது. கருப்பைவாயை எடுத்துக்கொண்டால், உலகம் முழுவதும் சேகரித்த கட்டிகளில் 99.7 சதவீதத்தில் எச்.பி.வி. இருந்ததை 1999ல் காட்டினார்கள். நோய் வருவதற்கு முன்பே வைரஸ் இருக்கிறது, கட்டியின் ஒவ்வொரு செல்லிலும் இருக்கிறது, அங்கே செயல்படுகிறது, வைரஸைத் தடுத்தால் நோயும் குறைகிறது. இந்த நான்கும் பொருந்தினால்தான் வழக்கு நிற்கும்.

செயல்படுகிறது என்றேன், அதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். இந்த முழுக் கேள்விக்கும் விடை அங்கேதான் இருக்கிறது என்பது என் அபிப்பிராயம். எச்.பி.வி. 16 செல்லுக்குள் நுழைந்தால் ஈ6, ஈ7 என்ற இரண்டு புரதங்களைத் தயாரிக்கும். நம் செல்களில் பி53 என்று ஒரு புரதம் உண்டு. டி.என்.ஏ. சேதமானால் செல் பெருகுவதை நிறுத்தி, சரிசெய்ய முடியாவிட்டால் அந்தச் செல்லையே சாகவைப்பது அதன் வேலை. வைரஸின் ஈ6 இந்தப் பி53ஐப் பிடித்து அழித்துவிடும். ஈ7 இன்னொரு கட்டுப்பாட்டுப் புரதத்தை முடக்கும். ஆக வைரஸால் வந்த புற்றில் பி53ஐத் தயாரிக்கும் மரபணு பெரும்பாலும் பழுதில்லாமல், முழுசாக இருக்கும். புரதத்தையே வைரஸ் அழித்துக்கொண்டிருக்கும்போது மரபணு கெட வேண்டிய அவசியம் இல்லை.

புகையிலையால் வந்த புற்றில் இது தலைகீழ். அங்கே ரசாயனம் நேராக மரபணுவையே சிதைக்கிறது. இப்போது உணவுக்குழாயின் ஸ்குவாமஸ் கட்டிகளைப் பாருங்கள். அமெரிக்காவை மையமாகக் கொண்ட புற்றுநோய் மரபணு வரைபடத் திட்டம் 164 உணவுக்குழாய்க் கட்டிகளின் மரபணுக்களை முழுமையாகப் படித்து 2017ல் வெளியிட்டது. ஸ்குவாமஸ் வகைக் கட்டிகளில் 90 சதவீதத்துக்கும் மேல் பி53 மரபணு பழுதாகியிருந்தது. எச்.பி.வி. செயல்பட்டதற்கான தடயம் கிடைக்கவில்லை. தலை, கழுத்துப் பகுதியில் புகையிலையால் வரும், வைரஸ் இல்லாத கட்டிகளோடுதான் இவை ஒத்துப்போயின. வைரஸ் டி.என்.ஏ. கிடைத்ததாகச் சொன்ன ஆய்வுகளிலும், கவனமாக மறுபடி பார்த்தபோது, பெரும்பாலும் அளவு மிகச் சொற்பம், ஈ6, ஈ7 தயாரிப்பு நடந்த அறிகுறி இல்லை. நான்கு நிபந்தனைகளில் முக்கியமானது இங்கேயே விழுந்துவிடுகிறது.

'மாட்டில் தொடங்கிவைத்துவிட்டுப் போன மாதிரி இங்கேயும் போயிருக்கலாமே' என்று நீங்கள் கேட்டால், நல்ல கேள்வி. போன வைரஸ் ரத்தத்தில் எதிர்ப்புப் புரதமாகச் சுவடு விட்டுப் போயிருக்கும் அல்லவா, அதைத் தேடினார்கள். 2012ல் பல நாடுகளின் ஆறு ஆய்வுகளைச் சேர்த்து, ஏறத்தாழ 1,500 உணவுக்குழாய் நோயாளிகளின் ரத்தத்தையும் நோய் இல்லாதவர்களின் ரத்தத்தையும் ஒப்பிட்டார்கள். சொல்லிக்கொள்ளும்படியான வித்தியாசம் இல்லை. இதைவிட எனக்கு முக்கியமாகப் படுவது 2013ல் ஐரோப்பாவிலிருந்து வந்த ஆய்வு. நோய் வருவதற்குப் பல வருடங்களுக்கு முன்பே சேமித்து வைத்திருந்த ரத்தத்தில் எச்.பி.வி. 16இன் ஈ6க்கு எதிரான புரதத்தைத் தேடினார்கள். பின்னாளில் தொண்டைப் புற்று வந்தவர்களில் சுமார் 35 சதவீதம் பேருக்கு அது முன்கூட்டியே இருந்தது. ஆரோக்கியமானவர்களில் ஒரு சதவீதத்துக்கும் குறைவு. உணவுக்குழாய்ப் புற்று வந்தவர்களையும் அதே ஆய்வில் பார்த்தார்கள், அவர்களிடம் அப்படி ஒரு தொடர்பு தெரியவில்லை. தொண்டையில் வைரஸைக் கையும் களவுமாகப் பிடித்த அதே சோதனை, கொஞ்சம் கீழே உணவுக்குழாயில் வெறுங்கையோடு திரும்பியது.

ஏன் இந்த வித்தியாசம்? எச்.பி.வி. எல்லா செல்லிலும் ஒரே மாதிரி வேரூன்றாது. கருப்பைவாயில் செதிள் செல்லும் சுரப்பி செல்லும் சந்திக்கும் எல்லைக்கோடு அதற்கு மிகவும் வசதியான இடம். டான்சிலில் உள்ள ஆழமான குழிகளும் அப்படியே. உணவுக்குழாயின் நடுப்பகுதியில் அப்படிப்பட்ட எல்லையும் இல்லை, குழியும் இல்லை. ஆனால் உணவுக்குழாய் இரைப்பையோடு சேரும் அடிப்பகுதியில் ஒரு எல்லை உண்டு. வருடக்கணக்கில் நெஞ்செரிச்சல் உள்ள சிலருக்கு அங்கே செல்களே மாறிப்போகும், அதற்கு பேரட் உணவுக்குழாய் என்று பெயர். அடினோகார்சினோமா என்ற வேறு வகைப் புற்று அங்கிருந்து வருகிறது. ஆஸ்திரேலியாவில் ஒரு குழு 2013ல் அந்த இடத்தில் செயல்படும் எச்.பி.வி.யைக் கண்டதாக எழுதியது. மற்றவர்கள் தேடியபோது அந்த அளவுக்குக் கிடைக்கவில்லை. இன்னும் முடியாத விவாதம் அது. உங்கள் அப்பாவுக்கு வந்திருப்பது அந்த வகை இல்லை என்பதால் இதோடு விடுகிறேன்.

மற்ற வைரஸ்களைப் பற்றியும் இரண்டு வரி. எப்ஸ்டீன்-பார் வைரஸ் மூக்குக்குப் பின்னாலுள்ள தொண்டைப் புற்றுக்கும், இரைப்பைப் புற்றுகளில் பத்தில் ஒன்றுக்கும் தொடர்புடையது. உணவுக்குழாயில் மிக அபூர்வமான ஒரு வகைக் கட்டியில் மட்டும்தான் அதைப் பார்த்திருக்கிறார்கள். ஹெர்பீஸும் சைட்டோமெகலோ வைரஸும் எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்களுக்கு உணவுக்குழாயில் புண் உண்டாக்கும், விழுங்கும்போது உயிர் போகிற வலி இருக்கும். அது புண், புற்று இல்லை. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை எச்.பி.வி.யைக் கருப்பைவாய், தொண்டை, வாய், ஆசனவாய் போன்ற இடங்களின் புற்றுக்குக் காரணம் என்று உறுதியாக எழுதியிருக்கிறது. உணவுக்குழாய் பற்றிப் பேசும்போது ஆதாரம் போதாது என்றுதான் எழுதியது. 40 வருடம் தேடிய பிறகு என் தீர்ப்பும் அதுதான்: உலகத்தில் எங்கோ ஒரு சிறு பங்குக் கட்டிகளில் வைரஸுக்குக் கை இருந்திருக்கலாம். சென்னையில் நாம் பார்க்கும் உணவுக்குழாய்ப் புற்றுக்கு அதை முக்கியக் காரணமாகச் சொல்ல முகாந்திரம் இல்லை.

சென்னையில் இது அபூர்வ நோயும் இல்லை. அடையாறு புற்றுநோய் மருத்துவமனை 1980களின் தொடக்கத்திலிருந்து நகரத்தின் புற்றுநோய்ப் பதிவேட்டை நடத்திவருகிறது. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி 1954ல் தொடங்கிவைத்து, டாக்டர் கிருஷ்ணமூர்த்தியும் டாக்டர் சாந்தாவும் வாழ்நாள் முழுவதும் வளர்த்த இடம் அது. அந்தப் பதிவேட்டில் ஆண்களுக்கு வரும் முதல் பத்துப் புற்றுகளுக்குள் உணவுக்குழாய் இருக்கிறது. நாட்டிலேயே மிக அதிகம் வருவது மேகாலயாவில். அங்கே பச்சைப் பாக்கும் புகையிலையும் வாழ்க்கையோடு கலந்தவை. மென்று விழுங்கும் சாறு உணவுக்குழாய் வழியாகத்தானே இறங்குகிறது? புகையிலை இல்லாத வெறும் வெற்றிலைபாக்குகூட வாய்க்கும் உணவுக்குழாய்க்கும் புற்றுண்டாக்கும் என்று அதே சர்வதேச முகமை வகைப்படுத்தியிருக்கிறது. நம் ஊரில் பாக்கை யாரும் விஷமாக நினைப்பதே இல்லை. கல்யாண வீட்டில் தாம்பூலம் வாங்கிக்கொள்வதைச் சொல்லவில்லை, நாள் முழுக்கக் கன்னத்தில் அடக்கி வைத்திருக்கும் மாவாவையும் ஹான்ஸையும் சொல்கிறேன்.

பீடியோடு குடியும் சேரும்போது ஆபத்து கூட்டலாக ஏறாது, பெருக்கலாக ஏறும். சாராயம் உடம்பில் அசிட்டால்டிஹைடு என்ற நஞ்சாக மாறுகிறது. போதாக்குறைக்கு, புகையிலையில் உள்ள புற்றுண்டாக்கும் பொருட்கள் செல்லுக்குள் இறங்கவும் சாராயம் வழி செய்கிறது. உங்கள் அப்பாவின் கதையில் பீடி, மாவா, குடி மூன்றும் இருக்கின்றன. மாட்டுக்குப் பெரணி செய்த வேலையை மனிதனுக்குச் செய்ய இவையே போதும், பின்னால் ஒரு வைரஸ் தேவைப்படவில்லை. இதை அப்பாவைக் குற்றம் சொல்வதற்காக எழுதவில்லை. காசிமேட்டில் அதிகாலை இருட்டில் வலை இழுக்கிறவர், லோடு ஏற்றுகிறவர் எதை நம்பி உடம்பைத் தாங்கவைக்கிறார் என்று எனக்குத் தெரியும். அந்த பீடியைச் சல்லிசாக விற்றவர்களைவிட்டு, குடித்தவரைத் திட்டுவதில் எனக்கு உடன்பாடு இல்லை. ஆனால் சிகிச்சை தொடங்கும் முன் மூன்றையும் அவர் நிறுத்தியே ஆக வேண்டும். அறுவை சிகிச்சை செய்தால் நுரையீரல் தாங்குவதும், ரேடியேஷன் சரியாக வேலை செய்வதும் அதைப் பொறுத்திருக்கிறது. புகையிலையை நிறுத்த உதவிக்கு 1800-11-2356 என்ற மத்திய அரசின் இலவச எண் இருக்கிறது.

சூடு பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும், நம் ஊரில் அதை யாரும் சொல்வதில்லை. 65 டிகிரிக்கு மேல் சூடான பானங்களைக் குடிப்பது அநேகமாக உணவுக்குழாய்ப் புற்றுண்டாக்கும் என்று 2016ல் அந்த முகமை அறிவித்தது. கொலஸ்தானில் 50,000 பேரைப் பின்தொடர்ந்த ஆய்வில், 60 டிகிரியும் அதற்கு மேலும் சூடான டீயைத் தினம் 700 மில்லிக்கு மேல் குடித்தவர்களுக்கு ஆபத்து ஏறக்குறைய இரட்டிப்பாக இருந்தது. டீ குற்றவாளி இல்லை, சூடுதான். டீக்கடையில் ஆற்றிக் கொடுப்பது நல்ல பழக்கம். கொதிக்கக் கொதிக்கக் கேட்டு வாங்கி ஒரே மூச்சில் இறக்குவதுதான் வேண்டாம்.

இப்போது உங்கள் மூன்றாவது கேள்வி, டெஸ்ட். தொண்டைப் புற்றில் பி16 (அங்கே எச்.பி.வி. இருப்பதைக் காட்டிக்கொடுக்கும் ஒரு புரதம்) அல்லது எச்.பி.வி. சோதனை செய்வது வழக்கம். அங்கே வைரஸ் உள்ள கட்டி சிகிச்சைக்கு நன்றாகப் பணிகிறது, அதை வைத்து நோயின் போக்கைக் கணிக்கிறார்கள். உணவுக்குழாயில் அப்படி இல்லை. பி16 பாசிட்டிவ் என்று வந்தாலும் அங்கே வைரஸ் இருப்பதாக அர்த்தம் இல்லை, சிகிச்சையும் அணுவளவும் மாறாது. அந்தக் காசை மிச்சம் பிடியுங்கள். தனியார் ஆய்வகம் யாராவது 'வைரஸ் பேனல்' என்று சொன்னாலும் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

காசும் நேரமும் போக வேண்டிய இடம் வேறு. நோய் எவ்வளவு பரவியிருக்கிறது என்று பார்க்க சி.டி. ஸ்கேன், முடிந்தால் பெட் ஸ்கேன். உணவுக்குழாய்க்கு உள்ளே அல்ட்ராசவுண்ட் வைத்துப் பார்ப்பதும் சில இடங்களில் உண்டு. வேறு உறுப்புக்குப் பரவாமல் இருந்தால், இந்த வகைக்கு முதலில் கீமோவும் ரேடியேஷனும் சேர்த்துக் கொடுத்துப் பிறகு ஆபரேஷன் செய்வது நல்ல பலன் தரும் முறை. ஆபரேஷன் தாங்காதவர்களுக்குக் கீமோ ரேடியேஷன் மட்டுமே முழுச் சிகிச்சையாகவும் கொடுக்கிறார்கள். ராஜீவ் காந்தி அரசுப் பொது மருத்துவமனை, ஸ்டான்லி, அடையாறு எங்கே போனாலும் அறுவை, ரேடியேஷன், கீமோ மூன்று துறை டாக்டர்களும் சேர்ந்து உட்கார்ந்து முடிவெடுத்தார்களா என்று மட்டும் கேளுங்கள். முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இல்லையென்றால் இந்த வாரமே அதற்கு ஏற்பாடு செய்யுங்கள்.

அதுவரை அப்பாவின் எடையைக் காப்பாற்றுங்கள். சோறு இறங்காவிட்டால் குழையவைத்த கஞ்சி, முட்டை அடித்துக் கலந்த பால், மீனை வேகவைத்து மசித்துச் சாறோடு, அடிக்கடி கொஞ்சம் கொஞ்சமாக. தண்ணீரே இறங்காமல் போனாலோ, சாப்பிடும்போது இருமி மூச்சு திணறினாலோ அடுத்த ஓ.பி. நாள் வரை காத்திருக்கக் கூடாது, அன்றே போங்கள். உணவுக் குழல் வைப்பதற்குப் பயப்பட வேண்டாம். சிகிச்சையைத் தாங்கும் உடம்பை அதுதான் கொடுக்கும்.

இதைப் படிக்கும் மற்றவர்களிடமும் ஒரு வேண்டுகோள். திடமான உணவு நெஞ்சில் நிற்கிறது என்று 40 வயதைத் தாண்டிய யார் சொன்னாலும், வாயு என்று சோடா குடிக்கவைத்து மாதங்களைக் கடத்தாதீர்கள். உணவுக்குழாய் நன்றாக விரிந்துகொடுக்கும் குழாய். சோறு நிற்க ஆரம்பிக்கிறது என்றால் உள்ளே பாதை ஏற்கெனவே வெகுவாகக் குறுகிவிட்டது என்று பொருள். வாய், தொண்டைப் புற்று வந்து குணமானவர்களுக்கு உணவுக்குழாயிலும் இன்னொரு புற்று வர வாய்ப்பு உண்டு. அவர்களுக்கு எண்டோஸ்கோப்பியின்போது அயோடின் தெளித்துப் பார்க்கும் முறை இருக்கிறது. நல்ல செல்கள் பழுப்பாகும், கெட்ட இடம் நிறம் ஏறாமல் நிற்கும், கண்ணுக்குத் தெரியாத ஆரம்ப நிலையையும் பிடித்துவிடலாம்.

கடைசியாகத் தடுப்பூசி. அப்பாவுக்கு அதனால் பயன் இல்லை, வந்த நோயை அது குணப்படுத்தாது. உணவுக்குழாய்ப் புற்றைத் தடுப்பதற்காக உங்கள் வீட்டில் பெரியவர்கள் யாரும் போட்டுக்கொள்ளத் தேவையும் இல்லை. ஆனால் வீட்டில் 9 முதல் 14 வயதுக்குள் பெண் பிள்ளை இருந்தால், அண்ணன் மகளோ அக்கா மகளோ, அவசியம் போடுங்கள். காரணம் கருப்பைவாய்ப் புற்று. அங்கே வைரஸின் குற்றம் சந்தேகத்துக்கு இடமில்லாமல் நிரூபணமானது, அதைத் தடுக்கும் ஊசியும் நம் கையில் இருக்கிறது. இந்தியாவிலேயே தயாராகும் செர்வாவேக்கும் வந்துவிட்டது. பக்கத்திலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்திலோ அரசு மருத்துவமனைக் குழந்தைகள் பிரிவிலோ விசாரித்தால் எங்கே போடுகிறார்கள் என்று சொல்வார்கள்.

ஸ்கேன் ரிப்போர்ட் வந்ததும் அதில் எழுதியிருப்பது புரியாவிட்டால் இங்கேயே கேளுங்கள். பெயர், மருத்துவமனை எண் எல்லாவற்றையும் மறைத்துவிட்டுப் போடுங்கள்.